ஏலத்தில் எடுத்த இசை

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தானே வந்தாய்? நல்லது. அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும். இப்படிச் சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்து உட்கார், ஜெமிலா. இங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். தேநீரை முதலில் குடித்து முடி. கோப்பையை நான் எடுத்து அப்பால் வைத்த பிறகுதான் காகிதங்களை வெளியே எடுப்பேன். கோப்பை கவிழ்வதற்கு ஒரு கணம் போதும்.

சபைப் போதகர் ஐயர் உன்னை எதற்காக அனுப்பியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் தம்பிக்கு நினைவு ஆராதனை. அவன் இயற்றிய ஒரே இசையை அன்று நீ பியானோவில் வாசிக்க வேண்டும் என்று கமிட்டியார் விரும்புகிறார்கள். விருப்பத்தில் தவறு இல்லை. ஆனால் தருவதா வேண்டாமா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. அந்தக் காகிதங்கள் என்னுடையவை. கிருபாகரன் எழுதியவைதாம், ஆனால் என்னுடையவை. இந்த வேறுபாடு உனக்கு விளங்க வேண்டும். விளங்கிய பிறகு நீ அவற்றைப் படித்துப் பார்த்து, கோயிலில் வாசிக்கத் தகுந்ததுதானா என்று எனக்குச் சொல்ல வேண்டும். என் வாழ்நாளெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான். இசைக்குறி எனக்குப் படிக்கத் தெரியாது. பியானோ பக்கத்தில் இல்லாமலே, கதைப்புத்தகம் படிப்பதுபோல அதைப் படித்துவிடலாம் என்று அவன் சொல்வான். உன்னால் முடியும் அல்லவா? முடியும் என்றால் வாயைத் திறந்து சொல். தலையை மட்டும் ஆட்டாதே.

இந்த வீட்டில் பியானோ இல்லையே என்று பார்க்கிறாய். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பேங்க்கில் உத்தியோகம் கிடைத்தவுடனே ஒன்று வாங்கிக்கொள் என்று நானே சொன்னேன். "எதுக்குக்கா, கோயில்ல இருக்கே" என்றுவிட்டான். எதையும் தனக்கென்று கேட்டு வாங்கும் சுபாவம் அவனுக்கு இல்லை. நான் அப்படித்தான் வளர்த்தேன்.

ஆமாம், நான்தான் வளர்த்தேன். எங்கள் அம்மா காலமானபோது அவனுக்கு மூன்று வயது, எனக்குப் பதினைந்து. அப்பா தாலுகா அலுவலகத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்தால் பேச்சு குறைவு. பிள்ளை என் பொறுப்பாயிற்று. சாப்பாட்டுக்கு அவன் படுத்தியதில்லை. தூக்கம்தான் பெரும்பாடு. பாடினால் தூங்கமாட்டான். என் குரல் அப்படி. அதைப் பற்றி நான் வருத்தப்பட்டதில்லை. முதுகில் தட்ட வேண்டும். அதிலும் ஒரே சீராகத் தட்டினால் விழித்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்ப்பான். இரண்டு தட்டி, சற்று விட்டு, ஒன்று தட்ட வேண்டும். இரண்டு, விட்டு, ஒன்று. இடது கையால் அவனைத் தட்டிக்கொண்டே வலது கையால் கணக்குப் போடுவேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதலாவதாக வந்தேன். சரி, அதை விடு. விஷயத்துக்கு வருகிறேன்.

நீ வாசிக்கிறாயே அந்தப் பியானோ, அது ஒரு வெள்ளைக்கார மிஷனெரி அம்மாள் தம் தேசத்துக்குத் திரும்பியபோது கோயிலுக்கு விட்டுப்போனது. அப்போது ஆராதனைக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் நின்று நின்று, எட்டிப் பார்த்தே இவன் கற்றுக்கொண்டான். அவர் ஓய்வு பெற்றபோது இவனுக்குப் பதினாறு வயது. வேறு ஆள் இல்லை, இவனை உட்காரவைத்தார்கள். பத்தொன்பது வயதுக்குள் சுற்றுவட்டாரத்தில் கிருபா வாசிக்காத கல்யாணம் இல்லை என்று ஆகிவிட்டது. பியானோ இல்லாத ஊரானால் ஆர்மோனியத்தைப் பேருந்தின் மேலே ஏற்றிக் கொண்டுபோய்விடுவான். ஊர் ஊராகப் பேர். "உங்க தம்பி விரலா அது, மழைல்லா!" என்று என் சக ஆசிரியைகள் சொல்வார்கள். புகழ்ச்சியை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அவனிடம் சொன்னதில்லை.

குறை வந்தால் சொல்வேன். குறை என்ன தெரியுமா? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இவன் தன்னிஷ்டத்துக்கு எதையாவது சேர்த்து வாசித்துக்கொண்டிருப்பான். ஒரு சரணம் முடிந்து மறு சரணம் தொடங்குவதற்குள் எங்கேயோ போய்விட்டு வருவான். சபையார் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் பெண் வந்து நின்றுவிட்டது, மாப்பிள்ளையும் நின்றுவிட்டான், ஐயர் புத்தகத்தை விரித்துவிட்டார், இவன் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருக்கிறான். மாப்பிள்ளையின் தகப்பனார் முன்வரிசையில் இருந்து, "ஏ தம்பி, மாப்பிள்ளைக்கு வயசாகுதுப்பா, முடி!" என்று சத்தம் போட்டார். கோயிலே சிரித்தது. இவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "புத்தகத்தில் இருப்பதை வாசிப்பதற்குத்தான் உன்னை அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள்" என்றேன். "புத்தகத்தில இருக்கிறதையும் முதல்ல ஒருத்தன் இல்லாததிலேர்ந்துதானே அக்கா எழுதியிருப்பான்?" என்றான். பதில் சொல்லத் தெரிந்தவன்தான். கெட்டிக்காரத்தனத்துக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

தேநீர் ஆறுகிறது, குடி.

அவன் பி.காம். முடித்த வருஷம் அது. நல்ல மழைக்காலம். பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டியவன், இதோ இந்த மேசையில் உட்கார்ந்து இசைக்குறி எழுதிக்கொண்டிருந்தான். எழுதினால் பரவாயில்லை. தட்டுவான். ஒரு கையில் பென்சில், மறு கை விரல்கள் பலகைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த அறையில் நான் விடைத்தாள் திருத்துவேன். டொக் டொக்கென்று கேட்கும். "கிருபா, தட்டாதே" என்பேன். நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டொக் டொக். "தட்டாதே என்று சொன்னேன்." அந்த மழைக்காலம் முழுவதும் நான் வேறு எதுவும் பேசினேனா என்றே சந்தேகமாக இருக்கிறது. ஒரு நாள் எழுந்து என் அறைக்கு வந்து, "முடிச்சிட்டேன்க்கா" என்றான். முகம் சிவந்திருந்தது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. "அப்படியானால் போய்ப் பேங்க் புத்தகத்தை எடு" என்றேன்.

பிறகு அறுப்பின் பண்டிகை வந்தது. உன் காலத்தில் எல்லோரும் பணத்தைக் கவரில் போட்டு நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறீர்கள். அப்போது அப்படி இல்லை. அவரவர் வீட்டு முதல் விளைச்சலைக் கொண்டுவந்து ஆராதனையில் படைக்க வேண்டும். வயல் உள்ளவன் நெல், தோட்டம் உள்ளவன் வாழைத்தார், ஒன்றும் இல்லாதவன் ஒரு கோழிமுட்டை. ஆராதனை முடிந்ததும் ஹாலில் ஏலம். கோயில்குட்டி பொன்னையா, மணியடித்துக் கோயிலைப் பெருக்குகிற மனிதர், அவருக்குத்தான் தொண்டை. அவர்தான் ஏலம் கூறுவார். காணிக்கை என்பதால் பொருளின் விலையை யாரும் பார்க்கமாட்டார்கள். ஓர் எலுமிச்சம்பழம் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். எடுத்தவர்களிலும் சிலர் தாராளம் மிகுந்து, எடுத்த பொருளையே மறு ஏலத்துக்கு என்று திரும்ப மேசைமேல் வைத்துவிடுவார்கள். ஒரே தடியங்காய் மூன்று குடும்பத்துக்குப் போய் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பண்டிகைக்கு முந்தைய நாள் கிருபா சொன்னான்: "அக்கா, எனக்கு முதல் விளைச்சல் இதுதான். இதைப் படைக்கப் போறேன்." கையில் அந்தக் காகிதங்கள். நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தான். எனக்கு உடன்பாடு இல்லை. "மேசையில் பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் காகிதத்தை வைப்பாயா? யாரும் எடுக்காவிட்டால் குடும்பத்துக்கு என்ன மரியாதை?" என்று கேட்டேன். "எடுக்காட்டி கர்த்தர் எடுத்துக்கிடுவாரு" என்றான். அதற்கு மேல் நான் தடுக்கவில்லை. காணிக்கை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் தடுக்கக் கூடாது.

அதன் பிறகு அவன் செய்த காரியத்தை நீ கவனமாகக் கேட்க வேண்டும். எழுதி எழுதி அடித்த தாள்கள், முதல் படி, இரண்டாம் படி, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெந்நீர் அடுப்பண்டை போனான். படைக்கிறதில் ஒரு பகுதியைத் தனக்கென்று பின்னால் வைத்துக்கொண்டவர்கள் அந்த இடத்திலேயே விழுந்து செத்த வேதக் கதையை ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். அந்த வகுப்பை எடுத்தவளே நான்தான். முழுதாகக் கொடுக்க வேண்டும். நகல் வைத்துக்கொண்டால் அது கொடுத்ததாகாது. என்னிடம் அவன் யோசனை கேட்கவே இல்லை, அவனாகவே செய்தான். தீப்பெட்டி எங்கே என்று மட்டும் கேட்டான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அந்த வெந்நீரில்தான் குளித்தோம்.

மறுநாள் ஆராதனை முடிந்தது. ஏலத்துக்கு முன்பாக அதை ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு மேசையில் வைக்க ஐயரிடம் அனுமதி கேட்டிருந்தான். ஹாலுக்குப் பியானோவைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். உட்கார்ந்தான். வாசித்தான்.

நான் கேட்டேனா என்றால், கேட்டேன். எப்படி இருந்தது என்றால்... ஜெமிலா, நான் அந்த நேரம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்கிறேன். மில்காரர் அருமைநாயகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொட்டாவி விட்டார். அவர் மனைவி மகளிடம் குனிந்து என்னவோ சொன்னாள். மகள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் கைக்குட்டை. பின்னால் ஒரு குழந்தை அழுதது. சேவல் ஒன்று கூவியது. இரண்டு பையன்கள் குலுங்கிச் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். இசையில் ஒரு துணுக்கைக் கூட என்னால் சொல்ல முடியாது. என் தம்பியை ஒருவரும் இளப்பமாகப் பார்த்துவிடக் கூடாது என்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது. அதற்கு ஒருவர் இருக்கத்தானே வேண்டும்?

பொன்னையா காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்தார். "அய்யாமாரே, அம்மாமாரே, இது காகிதம்! அவிச்சும் திங்க முடியாது, வறுத்தும் திங்க முடியாது! எறும்பு ஊர்ந்தாப்புல என்னமோ எழுதியிருக்கு! நம்ம கிருபா தம்பி கைவிளைச்சல்! கேளுங்க, கேளுங்க!"

ஹாலே சிரித்தது. இவனும் பியானோ அருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். வெட்கம் தெரியாத பிள்ளை. அருமைநாயகம் எழுந்து, எலுமிச்சம்பழத்துக்குக் கேட்டதில் பாதி கூட இல்லாத ஒரு தொகையைச் சொல்லி, "எம் பேரனுக்குப் பட்டம் ஒட்ட ஆகும்லா!" என்றார். அவர் தம்பி, "அண்ணாச்சி, வாலுக்குப் பத்தாது பாத்துக்கோங்க!" என்றார். மறுபடியும் சிரிப்பு.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல். ஊர்க்குரல் அல்ல. ஐயர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒரு மனிதர், கறுப்புக் கண்ணாடிச் சட்டம், முழுக்கைச் சட்டை. அருமைநாயகம் கேட்டதைப் போல ஐந்து மடங்கு கேட்டார். சிரிக்காமல் கேட்டார். சிரிக்காமல் பரிகாசம் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். முப்பது வருஷம் கடைசி பெஞ்சைப் பார்த்தவள் நான். நம்மை வேடிக்கை பார்க்க வந்த பட்டணத்துக்காரர் என்று நினைத்தேன். பின்னாளில் ஐயரம்மா சொன்னார்கள்: அவர் சென்னையில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்கு வாத்தியக்குழு நடத்தியவராம். எனக்கு எப்படித் தெரியும்? நெற்றியில் எழுதி ஒட்டியா இருந்தது?

நான் எழுந்தேன். அந்தக் காலத்தில் பெண்கள் ஏலம் கேட்பதில்லை. நான் கேட்டேன். அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். பொன்னையா, "ஏ ஆத்தே, டீச்சரம்மா!" என்று தலையில் கைவைத்தார். அவர் மேலும் ஏற்றினார். அவர் கண்கள் காகிதத்தை விட்டு அகலவே இல்லை. நான் கேட்ட கடைசித் தொகை என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அதற்கு மேல் கணக்குச் சொல்வது நாகரிகம் அல்ல. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துப் புன்னகை செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தோற்றவர்கள் புன்னகை செய்தால் எனக்குப் பிடிக்காது.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! டீச்சரம்மாவுக்கு!"

அப்போது சிரிப்பு நின்றது. தலையை நிமிர்த்திக்கொண்டு போய் வாங்கி வந்தேன். அந்த நாளில் எங்கள் குடும்பத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை, ஜெமிலா. அதற்குப் பிறகும் சிரித்ததில்லை. கிருபா என் அருகே வந்து, "அக்கா, உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருந்துதா?" என்று கேட்டான். நான் அவனைப் பார்த்து, "சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது, சரி செய்" என்றேன். எல்லோரும் பார்க்கிற இடத்தில் வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலை அந்த மனிதர் வீட்டுக்கே வந்துவிட்டார். முறைப்படி காப்பி கொடுத்தேன். நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "அம்மா, உங்களுக்கு அந்த இசை மேல இவ்வளவு பிரியம்னு தெரிஞ்சிருந்தா நான் போட்டி போட்டிருக்கவே மாட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டே நாள் அந்தக் காகிதத்தைக் கொடுங்க. எங்க குழுவை வெச்சு வாசிச்சுப் பார்க்கணும். தம்பியும் என்கூட வரட்டும். தை வரைக்கும் எங்ககிட்ட ஒரு இடம் காலியா இருக்கு" என்றார்.

தை மாதத்தில் பேங்க் பரீட்சை இருப்பதை நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். காகிதம் காணிக்கையாகப் படைக்கப்பட்டது, கம்பெனிக்காரர்கள் கையில் புரள்வதற்கு அல்ல என்பதையும் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் கிருபா பக்கம் திரும்பினார். இவன் இந்த வாசல்நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். "தம்பி, காகிதம் எதுக்கு? நீங்க எழுதினதுதானே, விரல்ல இருக்குமே. ஐயர் வீட்டுக்கு வாங்க, அங்க ஆர்மோனியம் இருக்கு. ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க, நான் எழுதிக்கறேன்."

கிருபா என்னைப் பார்த்தான். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை நீ குறித்துக்கொள். அவனாகத்தான் சொன்னான்: "அது இப்ப அக்காவோடது, சார்."

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! ஒரு பாடம் இப்படி ஒரு பிள்ளைக்குள் இறங்கி நிற்பதை நான் கண்ணால் கண்டது அன்றைக்கு மட்டுந்தான். அந்த மனிதர் காப்பியை முழுதும் குடிக்காமலே எழுந்துபோனார். வாசல் வரை கிருபா கூடப் போனான். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவன் பேங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டும் சத்தமும் இல்லை. வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்கிறாய்!

தை மாதம் பரீட்சை எழுதினான், தேறினான், உத்தியோகமும் உள்ளூரிலேயே கிடைத்தது. அந்த வகையில் கர்த்தர் நல்லவர்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், "அக்கா, அதை இந்த வருஷம் மறு ஏலத்துக்கு வைப்போமா?" என்றான். எதை என்று கேட்டேன். எதை என்று தெரிந்துதான் கேட்டேன். "யார் எடுப்பார்கள் என்று நினைக்கிறாய்?" என்றேன். "நான் எடுக்கேன்க்கா. சம்பளம் சேத்து வச்சிருக்கேன்." "நீ கொடுத்ததை நீயே எடுப்பதா? ஊர் சிரிக்காதா?" என்றேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "சரிக்கா" என்றான். அவ்வளவுதான். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

அதைத் தவிர அந்தக் காகிதத்தை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பேன். கல்யாணம் என்று ஒன்று நடந்தால் அன்றைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். வந்த இடங்கள் எத்தனையோ. "பாப்போம்க்கா" என்பான். பார்க்கவே இல்லை. நானும் கட்டிக்கொள்ளவில்லை, அவனைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியுமா? இரண்டு பேருமாக இந்த வீட்டில் இருந்துவிட்டோம்.

ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் பெட்டியைத் திறப்பேன். காகிதங்களை வெயிலில் காட்டுவேன். நேர் வெயில் அல்ல, நிழல் வெயில். வசம்பு மாற்றி வைப்பேன். ஒரு பூச்சி தொட்டதில்லை, ஓர் ஓரம் மடங்கவில்லை. அவன் அந்த நேரத்தில் கடைக்கு என்று சொல்லி வெளியே போய்விடுவான்.

கோயிலில் அவன் வாசித்ததை நீ கேட்டிருக்கிறாய். உனக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவன் அவன்தானே. நாற்பது வருஷத்துக்கு மேல். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே ஒரு ஸ்வரம் கூடுதலாக வாசித்தது உண்டா? சொல். புத்தகத்தில் இருப்பது மட்டுந்தான். சுத்தமாக, அளவாக. பொன்னாடை போர்த்தியபோது ஐயர் சொன்னார்: "கிருபாகரன் அண்ணன் வாசிச்சா நாம புத்தகத்தைப் பார்க்கவே வேண்டாம்." எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! அவனைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பொன்னாடையை அவன் மடித்துக்கொண்டிருந்தான். மடித்து மடித்துக் கைக்குட்டை அளவுக்கு ஆக்கிவிட்டான்.

ஏன் அம்மா அப்படிப் பார்க்கிறாய்? தேநீர் முடிந்ததா? கொடு.

கடைசி நாட்களையும் கேட்டுக்கொள், ஐயர் கேட்டால் நீ சொல்லலாம். பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அமைதியாகத்தான் கிடந்தான், இடது கை ஒன்றைத் தவிர. அது மட்டும் ஓயாமல் படுக்கை விரிப்பின்மேல் விரல்களால் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பழைய பழக்கம் அத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்ததோ! ஊசிக்குழாய் அந்தக் கையில்தான் ஏற்றியிருந்தது. நர்ஸ் பிள்ளை வந்து, "பாட்டி, அவுக கை சும்மா இருக்க மாட்டேங்கு. ஊசி கழண்டுரும். கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். முதலில் இழுத்தான். அந்த நிலையிலும் அவனுக்கு அவ்வளவு பலம் இருந்தது. "தட்டாதே, கிருபா. அக்கா இருக்கிறேன்" என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என்னைப் பார்த்தான். பிறகு இழுப்பதை விட்டுவிட்டான். "பாத்தீங்களா, உங்க கை பட்டதும் எப்படி அமைதியாயிட்டாங்க" என்று அந்தப் பிள்ளை சொன்னாள். விடியும் வரை பிடித்த பிடியை நான் விடவில்லை. எந்த நேரத்தில் போனான் என்று எனக்குத் தெரியாது. கை என் கையில்தான் இருந்தது.

சரி. அழுவதற்கு இது நேரம் அல்ல. கண்ணைத் துடைத்துக்கொள், ஈரக்கையோடு காகிதத்தைத் தொடக் கூடாது.

தந்தால் என்ன நிபந்தனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் யாரும் பதிவு செய்யக் கூடாது. ஒரே ஒரு முறைதான் வாசிக்க வேண்டும். வாசிப்பதற்கு முன்னால், இது ஏலத்தில் முறைப்படி எடுக்கப்பட்டது, உரியவரின் அனுமதியோடு வாசிக்கப்படுகிறது என்று ஐயர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? அருமைநாயகத்தின் பேரன்கள் இப்போது கமிட்டியில் இருக்கிறார்கள்.

இதோ. இப்படி உள்ளங்கையில் ஏந்திக்கொள். நூல் அவன் போட்ட நூல், இழுக்காதே. படி. நான் பேசாமல் இருக்கிறேன்.

...

நிதானமாகப் படி. அவசரம் இல்லை.

...

என்ன இது, நீயும் மேசைமேல் விரலை ஓட்டுகிறாய்? எல்லோருக்கும் இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது போலிருக்கிறது. தட்டாதே, அம்மா, எனக்கு அந்தச் சத்தம்...

இரு.

இடது கையால் இப்போது என்ன செய்தாய்? வலது கை அல்ல, அது இருக்கட்டும். இடது கை. மறுபடி செய்.

...

அது காகிதத்தில் இருக்கிறதா? நீயாகச் சேர்த்துக்கொள்ளவில்லையே? எங்கே இருக்கிறது, காட்டு. இந்தக் கறுப்புப் புள்ளிகளா? இரண்டு. இந்த வளைவுக் குறி என்ன? ஓய்வு என்றா பெயர்? ஓய்வு. பிறகு ஒன்று.

முதல் வரியில் மட்டுந்தானா? அடுத்த வரியில்? புரட்டு. இந்தப் பக்கத்தில்? கடைசிப் பக்கத்தைப் பார். அங்கேயும் அதுவேதானா? மேலே வலது கை எங்கெங்கோ போகிறது என்கிறாய். கீழே இது மாறாமல் கடைசி வரை வருகிறதா?

எனக்கு இதைப் படிக்கத் தெரியாது, ஜெமிலா. எத்தனை மழைக்காலம் எடுத்து எடுத்து வெயிலில் காட்டியிருக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாதே.

ஏன் நிறுத்திவிட்டாய்? நான் நிறுத்தச் சொல்லவில்லை. முதலிலிருந்து வா. பலமாகவே தட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எத்தனை முறை வேண்டுமானாலும் வாசி, யார் வேண்டுமானாலும் பதிவு செய்யட்டும், அதெல்லாம் பிறகு. இப்போது இடது கையை அந்தப் பலகைமேல் வை.

எடுக்காதே, அம்மா. நான் பிடிக்கமாட்டேன். தட்டு.